பத்தில் நான்கு அறிகுறிகள்

அவளுடைய கண்கள் எதனால் சிவந்திருந்தன என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த அறையில் நான் ஏன் அதைச் சொல்லவில்லை? இருபது வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விதவிதமான பதில்களைத் தயாரித்து வைத்திருக்கிறேன். சின்ன வயது. பயம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய வளர்ப்பு. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

போன வாரம் வரை இது என் சொந்தச் சங்கடமாக மட்டும்தான் இருந்தது. இப்போது அப்படி விட்டுவிட முடியவில்லை. கோவையில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் தொடங்கியிருக்கிறார்கள். அவள் அதில் வகுப்புப் பிரதிநிதி. ஒரு படிவம் கொண்டுவந்திருக்கிறாள். கூடப் படிக்கிறவர்களிடம் சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் பெயரோடு எழுதி, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று கொடுக்க வேண்டுமாம். அதில் ஒரு பையனின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, இதைப் பேனாவுல எழுதட்டுங்களா, அழிச்சுப் போடட்டுங்களா?"

அடுப்பில் பால் பொங்கியது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அப்புறம் பார்க்கலாம் என்றேன். இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்வதற்கு முன், இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் என் வயதுக்காரர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலை வேன் வரும் வரை மனதுக்குள் எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள். உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. பொள்ளாச்சிக்குப் போகிற சாலையில் எங்கள் பள்ளி. உங்களுக்கு வைட்னர் செட் நினைவிருக்கிறதா? இரண்டு குட்டிப் பாட்டில்கள். ஒன்றில் எழுத்துப் பிழையை மூடும் வெள்ளை, மற்றதில் அது கெட்டியாகிவிட்டால் இளக்குவதற்குத் தின்னர். மூடியைத் திறந்தால் பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல ஒரு வாடை, குளிர்ச்சியாக மூக்கில் ஏறும். நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது மோந்து பார்த்திருக்கிறோம். அதை விற்றதே எங்கள் பள்ளி ஸ்டோரில்தான். பெண்கள் நாங்கள் அந்தத் தின்னரால் நகப்பூச்சை அழித்துக்கொண்டு வகுப்புக்குள் போவோம்.

ஆடி தொடங்கிய வாரத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாட்ச்மேன் காலித் தின்னர் பாட்டில்கள் சிலவற்றையும் ஈரமான ஒரு கைக்குட்டையையும் கண்டெடுத்தார். அவற்றை ஒரு செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு, செத்த எலியைத் தூக்கிப் போவதுபோலக் கையை நீட்டிப் பிடித்தபடி தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். தலைமையாசிரியையை நாங்கள் பெரிய மிஸ் என்போம். அன்று மாலையே ஸ்டோரில் வைட்னர் விற்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் நோட்டுகளில் தவறுகள் எல்லாம் அடித்துத் திருத்தப்பட்டுத் தெரிந்துகொண்டே இருந்தன.

அதற்கடுத்து விழிப்புணர்வு வாரம் வந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து மரத்தடியில் பேசினார். நல்ல குரல். போதைப் பழக்கத்தால் அழிந்த குடும்பங்களைப் பற்றி அவர் சொன்னபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள். பிறகு ஊர்வலம் போனோம். தூறலில் எங்கள் அட்டைகளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது கரைந்து, 'போதை' என்ற சொல்லின் சிவப்பு என் கையில் முழங்கை வரை வழிந்தது. சாலையோரப் பெட்டிக்கடையில் புகையிலைப் பாக்கெட்டுகள் தோரணம்போலத் தொங்கின. அதன் கீழே நின்றுதான் நாங்கள் கோஷம் போட்டோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"சத்தமாச் சொல்லுங் கண்ணு, கேக்கவே மாட்டீங்குது" என்றும் சொன்னார்.

வாரக் கடைசியில் வகுப்புத் தலைவர்களுக்கு, எட்டாம் வகுப்பில் எனக்கு, ஆளுக்கொரு வட்ட அட்டை கொடுத்தார்கள். ஊக்கால் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். பச்சை மையில் 'தூதுவர்' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் போதைப் பழக்கத்தின் பத்து அறிகுறிகள் வரிசையாக இருந்தன. வாரம் ஒருமுறை வகுப்பைக் கவனித்து, யாரிடமாவது அவை தென்பட்டால் பெயர் எழுதி டிக் போட்டுத் தர வேண்டும். பதின்மூன்று வயதில் அந்தத் தாளை நான் பாடம்போல மனப்பாடம் செய்தேன். சொன்னதைச் செய்வதில் எனக்கு அப்போதிலிருந்தே ஒரு பெருமை உண்டு. இப்போதும் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியை எதையாவது கேட்டால் முதலில் பதில் போடுவது நான்தான்.

என் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என் சிநேகிதி. கணக்கில் புலி. கரும்பலகையில் ஆசிரியர் எழுதி முடிப்பதற்குள் விடையைத் தன் உள்ளங்கையில் எழுதி எனக்குக் காட்டுவாள். பாவாடைப் பையில் எப்போதும் தேங்காய்ப் பருப்புத் துண்டு இருக்கும். அதாவது கொப்பரை, காய்ந்து விளிம்பு சுருண்டது. அவளுடைய அப்பா தேங்காய்க் களம் வைத்திருந்தார். உடைத்த தேங்காய்களைச் சிமெண்டுக் களத்தில் காய வைத்துப் பருப்பெடுத்து எண்ணெய் ஆலைக்குப் போடுவார். களத்தை ஒட்டியே அவர்கள் வீடு.

விழிப்புணர்வு வாரத்துக்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை அங்கே போயிருந்தேன். வெயிலே இல்லை. ஆடிச் சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. களத்தில் பருப்பைக் குவித்துப் படுதா போட்டு மூடியிருந்தார்கள். அவள் அப்பா ஒரு இரும்புச் சட்டியில் மஞ்சள் கட்டிகளைப் போட்டுப் பற்றவைத்து, படுதாவின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே தள்ளினார்.

"அக்கட்டாலே போ கண்ணு. சல்பர் போட்டிருக்குது, கண்ணெரியும்" என்றார் என்னிடம்.

அதற்குள் கண் எரியத் தொடங்கிவிட்டது. தீக்குச்சியை ஆயிரம் மடங்காக்கினால் எப்படியிருக்குமோ அந்த வாடை. தொண்டையில் கீறியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் இருமியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன புள்ள, இதுக்கே இப்பிடி அழுவற? நாங்க இதுலதான் தூங்கி எந்திரிக்கறோம்."

"எதுக்கு இதைப் போடுறீங்க?"

"மழையில பருப்பு பூஞ்சை புடிச்சுப் போயிரும். இதைப் போட்டா வெள்ளையா இருக்கும். விடியக்காலம் தூறல் விழுந்தா எந்திரிச்சு ஓடிப் படுதாவ இழுத்து மூடோணும். எங்கம்மாளுக்கு முதுகு வலி, நாந்தான் ஓடறது."

அன்று வீட்டுக்கு வந்ததும் என் அம்மா, "கண்ணு என்ன இப்படிச் செவந்து கெடக்குது, யாருகூடச் சண்டை?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா இளநீர் விட்டுக் கண்ணைக் கழுவிவிட்டாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லிக்கொள்ள முடியாது.

முதல் இரண்டு வாரமும் என் தாளை வெறுமையாகத்தான் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புத் தலைவன் மூன்று பெயர் கொடுத்திருந்தான். பெரிய மிஸ் எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டாங்கிளாஸ்ல மட்டும் எல்லாரும் தங்கக் கட்டியாட்டம் இருக்காங்களாட்டத் தெரியுது."

மற்ற தூதுவர்கள் சிரித்தார்கள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதே கிடையாது. ஆனால் வேலையைச் சரியாகச் செய்யாதவள் என்ற பார்வையை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. மூன்றாவது வாரம் என் வகுப்பை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கண் சிவத்தல். வகுப்பில் தூங்குதல். ஆடையில் மாறுபட்ட வாடை. விளையாட்டில் ஆர்வமின்மை. பத்தில் நான்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. அவள் மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் டிக் போட்டேன். பழக்கம் இருக்கிறது என்று நான் எழுதவில்லை, கண்ணில் பட்டதைத்தான் குறித்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ச்மேன் வந்து என்னைக் கூப்பிட்டார். பெரிய மிஸ்ஸின் அறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவும் நின்றிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காராமல். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல் கீழே இறக்கிவிட்டிருந்தார். எதிரில் பள்ளித் தாளாளர். எண்ணெய் ஆலைக்காரர், எங்கள் பகுதியில் மதிப்பானவர். மேசையில் என் தாள் இருந்தது.

"வா கண்ணு. பயப்படாத. கேக்கறதுக்கு மட்டும் சொல்லு" என்றார் பெரிய மிஸ். "பாப்பாவோட கண்ணு செவந்திருந்துச்சா?"

"ஆமாங்க மிஸ்."

"கிளாஸ்ல தூங்குச்சா?"

"ஆமாங்க மிஸ்."

"துணியில வாடை அடிச்சுதா?"

"ஆமாங்க மிஸ்."

மூன்றும் உண்மை. அவ்வளவுதான் கேட்டார். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சட்டியைப் பற்றவைத்த மனிதருக்குத் தெரியாதா? அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்த பார்வை அது.

"ஏனுங்க, நாங்க போலீசு அது இதுன்னு எதுவும் போகல. நம்ம ஊட்டுப் புள்ளயாட்டம் நெனச்சுத்தான் கூப்பிட்டுப் பேசறோம். வெளிய தெரிஞ்சா பொம்பளப் புள்ள பேரு கெட்டுப்போயிரும் பாருங்க" என்றார் தாளாளர்.

"செரிங்க" என்றார் அவள் அப்பா.

"கொஞ்ச நாளு எடம் மாறிப் படிக்கட்டும். டீச்சரம்மா நல்லபடியா எழுதிக் குடுத்துருவாங்க."

"செரிங்க. நீங்க பாத்து எப்பிடிச் சொன்னாலும் செரிதானுங்க."

அந்த அறையில் ஒருவர்கூடப் போதை என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. 'அந்தப் பழக்கம்' என்றுதான் சொன்னார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. போகும்போது தாளாளர் எழுந்து நின்று கைகூப்பி அனுப்பிவைத்தார். எல்லாம் அவ்வளவு மரியாதையாக நடந்தது. பெற்றோர் விருப்பத்தின் பேரில் என்று டி.சி. எழுதினார்கள். பெரிய மிஸ் என் தலையைத் தடவி, "நீ அவளுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கற" என்றார். அவர் அதை மனதார நம்பினார் என்றே இன்றும் நினைக்கிறேன். என் மகளின் பள்ளிக் கூட்டங்களில் ஆசிரியைகள் பேசும்போது அதே கனிவு கேட்கிறது, அதே பயமும்.

அடுத்த மாதம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் மறுபடியும் பாட்டில்கள் கிடந்தன. வெளியில் எங்கேயோ வாங்கியவை, பள்ளி ஸ்டோரில் விற்ற வகை இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். வாட்ச்மேன் குப்பையோடு சேர்த்துக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"பெரிய மிஸ்கிட்டச் சொல்லலீங்களாண்ணா?"

"சொல்லிப்போட்டேன் சாமி. கூட்டிப் போட்டுருன்னாங்க. நீ கிளாசுக்குப் போ."

நான் வகுப்புக்குப் போனேன். அந்த வாரமும் தாளை வெறுமையாகக் கொடுத்தேன், இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை. அரையாண்டுக்கு முன் அந்த வட்ட அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். யார் அந்தப் பாட்டில்களைப் போட்டது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பிள்ளை யாராயிருந்தாலும், அதற்கும் யாரும் உதவவில்லை என்பது மட்டும் இப்போது புரிகிறது. ஊர்வலம் போனோம், உறுதிமொழி எடுத்தோம், ஒரு பெண்ணை வெளியே அனுப்பினோம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அந்தச் சைக்கிள்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் யாருமே போய்ச் சேரவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசை. என்னை அடையாளம் கண்டு அவள்தான் முதலில் கையசைத்தாள். கை கழுவும் இடத்தில் வைத்து நான் தொடங்கினேன், அன்றைக்கு நான் அந்த ரூமில் என்று. அவள் முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் எதுக்கு அம்மணி இப்ப? பாயசம் வாங்குனியா, நல்லா இருந்துச்சு."

"இல்ல, நான் சொல்லியிருக்கோணும். எனக்குத் தெரியும்ல."

அவள் குழாயை மூடிவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"எங்கப்பாவுக்குந்தான் தெரியும். தாளாளர் முன்னாடி எப்பிடிச் சொல்லுவாரு? அவரு ஆலைக்குத்தான பருப்பு போட்டுட்டிருந்தோம். சல்பர் போடாத வெயில் பருப்புன்னு சொல்லிப் போட்டது. அவரு ஆலையில சல்பர் பருப்ப வாங்கவே மாட்டாங்க. அந்த ரூம்ல வாயத் தொறந்தா அன்னிக்கோட களத்தை மூடோணும். அப்பா ஊட்டுக்கு வந்து நாலு நாளு எங்கூடப் பேசல. அவரா பேசறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு."

பாதியில் வந்த பெண்ணை எந்தப் பள்ளியும் அந்த வருடம் சேர்க்கவில்லையாம். டி.சி.யில் ஒன்றும் எழுதாவிட்டாலும், வருட நடுவில் ஏன் வெளியே வந்தாள் என்று எங்கள் பள்ளிக்கு ஆளுக்கொரு போன் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் அவளே போகமாட்டேன் என்றுவிட்டாள். அந்தக் கல்யாணத்தின்போது நான்காம் வகுப்பு படித்த அவள் மகள் பக்கத்தில் நின்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குக் கணக்கு நாந்தான் சொல்லித் தர்றேன்" என்றாள் என் சிநேகிதி. "ஏழாவது வரைக்கும் சொல்லித் தந்துருவேன். அதுக்கு மேல எனக்கே தெரியாது பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது, அவள் அப்பாவுக்கு ஒரு களம் இருந்தது, காப்பாற்ற ஒரு குடும்பம் இருந்தது, எனக்கு என்ன இருந்தது என்று யோசித்தேன். சட்டையில் ஊக்கால் குத்திய ஓர் அட்டை இருந்தது.

இனி என் மகளின் விஷயம். அவள் பார்த்தது இது. பள்ளி வேனில் முன் இருக்கையில் வரும் அந்தப் பையன் ஒரு வட்ட டப்பாவைத் திறந்து, சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். இரண்டு முறை பார்த்திருக்கிறாள். மிட்டாயாக இருக்கலாம் என்று அவளே சொல்கிறாள். உதட்டில் வைக்கும் புகையிலையாகவும் இருக்கலாம் என்கிறாள். இந்த முறை எனக்கு எதுவும் தெரியாது. சல்பர் சட்டி மாதிரி ஒரு விளக்கம் என் கையில் இல்லை. இப்போது கடைகளில் கிடைப்பவை எங்கள் காலத்துத் தின்னரைவிட மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

என் கணவர், "எழுதிக் குடுத்துட்டு விடு, ஸ்கூல்ல பாத்துக்குவாங்க" என்கிறார். பாத்துக்குவாங்க என்பதுதான் என் பயமே என்று அவரிடம் சொன்னேன். "அப்ப எழுதாம விட்டு அந்தப் பையனுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

வகுப்பாசிரியைக்கு ஒருமுறை போன் செய்து, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். பையனைப் பிடித்தால் என்ன செய்வீர்கள், பேசுவதற்கு ஆள் வைத்திருக்கிறீர்களா, இல்லை டி.சி.தானா என்று கேட்க நினைத்தேன். கேட்டால், எந்தப் பையன் என்று அவர் திருப்பிக் கேட்பாரே. வேன் குழுவில் அந்தப் பையனின் அம்மாவின் எண் இருக்கிறது. 'ஏனுங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசோணும்' என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். எங்கள் பக்கத்து மரியாதைப் பேச்சில் இதைச் சொல்ல வாக்கியமே கிடையாதோ என்று தோன்றுகிறது.

விடுமுறையில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மகள் படிவத்தை மேசையிலேயே வைத்திருக்கிறாள், பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. தினமும் ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள்.

உங்களில் யாருக்காவது, உங்கள் பிள்ளையைப் பற்றி இன்னொரு தாயிடமிருந்து இப்படி ஒரு அழைப்பு வந்திருக்கிறதா? வந்திருந்தால், அவர் முதல் வாக்கியமாக என்ன சொன்னார்? எப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் போனை வைக்காமல் கேட்டிருப்பீர்கள்? அல்லது, அந்த அம்மாவை விட்டுவிட்டுப் பள்ளியிடம்தான் போக வேண்டும் என்றால், பெயரைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் என்ன உறுதி வாங்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். சுருக்கமாக எழுதினாலும் போதும், பள்ளி திறப்பதற்குள் எழுதுங்கள்.